அன்னபாக்கியத்தின் பக்கத்துப் பிரேக்

"சத்தம் கேக்குதா, இல்லையா?" நல்லமுத்து மறுபடியும் கேட்டார்.

அட்டன் கராஜ்காரன் சிப்னாஸ் காரின் மூடியைத் தூக்கி, காதைச் சாய்த்துப் பார்த்தான். "கேக்குற மாதிரியும் இருக்குங்கையா, கேக்காத மாதிரியும் இருக்கு."

"அப்ப வண்டி இங்கயே கெடக்கட்டும். நல்லா கழட்டிப் பாரு."

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர் நல்லமுத்து. மலையில் அவர் தலை தெரிந்தாலே பேச்சு நின்றுவிடும். அப்படிப்பட்டவரின் ஒரே மகள் தனுஷிகா, அவருக்குக் கீழே தேயிலைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த செல்லசாமியின் மகனைக் கட்டிக்கொண்டு இறம்பொடைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. இப்போது அவளுக்குப் பிள்ளை பிறந்து, இன்றைக்குப் பேர் வைக்கிறார்கள். மனைவி அன்னபாக்கியம் சாப்பிடாமல் கிடந்ததில் மனம் இளகி, "சரி, வாறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தச் சத்தம்.

"பாத்தியா பாக்கியம், நம்ம கையில என்ன இருக்கு?" என்று பெருமூச்சு விட்டார்.

பிள்ளைக்கு வாங்கிய சட்டை இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

சிப்னாஸுக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா அழாதீங்க. வேல முடியிற வரைக்கும் நம்ம கார எடுத்துட்டுப் போங்க. சல்லி ஒன்னும் வேணாம். வண்டி விட்டுட்டுப் போறவங்களுக்குன்னே வாங்கிப் போட்டிருக்கேன்."

நல்லமுத்துவின் முகம் செத்துவிட்டது.

வெளியே வந்த காரைப் பார்த்ததும் இன்னும் செத்தது. மூடிப்போன ஒரு டிரைவிங் ஸ்கூலின் கார் அது. ஓட்டுகிறவர் இன்னும் பழகுகிறார் என்று காட்டும் பெரிய சிவப்பு எல் எழுத்தைத் தகரத்தில் எழுதி, முன்னாலும் பின்னாலும் முறுக்கியிருந்தது. உள்ளே, பழக்குகிறவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக்.

"நான் இதுலயா?" என்றார்.

அன்னபாக்கியம் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அட்டன் டவுனைத் தாண்டுவதற்குள் ஒரு பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "கண்டாக்கையா, இப்பத்தான் பழகுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நல்லமுத்து ஓரமாக நிறுத்தி, கழுத்து மப்ளரைக் கழற்றி முன்னால் இருந்த எல் எழுத்தை மூடிக் கட்டினார். பின்னால் இருந்ததைப் பேப்பரால் மறைத்தார்.

தலவாக்கலையில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். எல் எழுத்தை ஏன் மறைத்தீர் என்று சிங்களத்தில் கேட்டார். அடுத்து லைசன்ஸ் கேட்டார். லைசன்ஸ் கராஜில், சொந்தக் காருக்குள் இருந்தது.

"பழக்குற ஆள் எங்க?"

"நான்தான் சேர்," என்றாள் அன்னபாக்கியம், அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில்.

பொலிஸ்காரர் அவளைப் பார்த்தார். அவள் காலுக்கடியில் இருந்த பிரேக்கைப் பார்த்தார். மப்ளரை அவரே அவிழ்த்து நல்லமுத்துவின் மடியில் போட்டுவிட்டு, "நோனா, ஐயாவுக்குக் கோபம் கூட இருக்கு. மெதுவா சொல்லிக் குடுங்க," என்று அனுப்பினார்.

அதோடு அன்னபாக்கியத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து "மெதுவா போங்க" என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது சொல்லும்போதே காலையும் அழுத்தினாள். காரின் வேகம் அடங்கியது. நுவரெலியா தாண்டி இறக்கத்தில் வளைவுக்கு வளைவு இதே கதை.

"யாரு ஓட்டுறது, நானா நீயா?"

"நீங்கதான் ஓட்டுறீங்க. நான் நிப்பாட்டுறேன்."

நல்லமுத்து பல்லைக் கடித்தார். மனதுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தார். மகளின் வீடு ரோட்டோரம்தான். அதைக் கடந்து போய், அனுமார் கோயிலடியில் மனைவியை இறக்கிவிடுவது. அவள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அந்த வாசலை அவர் மிதிப்பதில்லை.

இறம்பொடை வந்தது. தகரக் கூரை போட்ட சின்ன வீடு. வாசலில் வாழை இலைக் கட்டுக்குப் பக்கத்தில் தனுஷிகா பிள்ளையோடு நின்றாள். மெலிந்திருந்தாள். வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லமுத்து ரோட்டை நேரே பார்த்தார். அன்னபாக்கியம் இரண்டு காலையும் சேர்த்து பிரேக்கில் ஊன்றினாள்.

கார் வாசலில் குலுங்கி நின்றது.

"எதுக்குடி மிதிச்ச?"

"மிதிப்பேன். எம்புள்ள நிக்கிறா."

தனுஷிகா கண்ணாடியருகே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், எல் எழுத்தைப் பார்த்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், "கார் பழகுறீங்களாப்பா?" என்றாள்.

அவர் கண்ணாடியை இறக்கினார். "ஆமா. ஒங்கம்மா பழக்குறா."

அவள் சிரித்தாள், அழுதாள், ஜன்னல் வழியாகவே பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். உள்ளேயிருந்து ஓடிவந்த செல்லசாமி கைகட்டி நின்றார். "வாங்கையா" என்றார். கையில் பிள்ளையோடு நல்லமுத்து இறங்கவேண்டியதாயிற்று. அன்று அந்த வீட்டில் சாப்பிட்டார். பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயர் சொன்னதும் அவர்தான்.

மறுநாள் காலை காரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பழைய மிடுக்கு வந்திருந்தது.

"டேய் சிப்னாஸ், மொதல்ல அந்த இடது பக்கத்துப் பிரேக்கக் கழட்டிப் போடு. இவ இஷ்டத்துக்கு மிதிச்சு, நான் போக நெனைக்காத வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டிட்டா."

அன்னபாக்கியம் மறுக்கவில்லை. பெருமையோடு தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

சிப்னாஸ் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அம்மா பக்கத்து பிரேக்கா? அது சும்மா மிதிதானேங்கையா. காரை வாங்கின அன்னைக்கே அதோட கம்பிய நான் கழட்டிட்டேனே."