கட்டில் போச்சு, பெஞ்ச் வந்தது

"போர்ட்ரெய்ட்னா என்ன? முகம். முகத்தைத் தாங்குறது எது? கழுத்து. கழுத்தை? முதுகு. முதுகை? இடுப்பு. இடுப்பை?"

அப்பா நிறுத்தினார். அம்மாவும் நானும் அவர் வாயையே பார்த்தோம்.

"பெஞ்ச்!" என்று மேஜையில் ஒரு தட்டு தட்டினார். என் டீயில் பாதியை மேஜை தாங்கியது.

வீட்டின் வாசல் பக்கத்து அறைதான் அப்பாவின் போட்டோ ஸ்டுடியோ. அங்கே இருப்பது ஒரே ஒரு சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட யாரைப் பார்த்தாலும் வேலை கேட்டு வந்தவர் மாதிரியே இருக்கும். பெஞ்ச் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அப்பா நியாயமாகப் பேசினால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்போம்.

"செய்யுங்க. பலகை எங்க?" என்றாள் அம்மா.

"பலகையா... அது..." அப்பா ஜன்னலைப் பார்த்தார். "ஹால்ல ஒரு கட்டில் சும்மாதானே கெடக்கு?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா எடுக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துவது அம்மா. பரு எடுப்பாள், தொப்பை குறைப்பாள், மூடின கண்ணைத் திறந்துவைப்பாள். நாள் முழுக்கப் பொய் செய்கிற ஆளிடம் போய்ப் பொய் சொல்வது எவ்வளவு பெரிய தைரியம்! அப்பாவுக்கு அந்தத் தைரியம் அடிக்கடி வரும்.

முந்தின நாள்தான் அம்மாவின் தம்பியிடமிருந்து போன் வந்திருந்தது. சனிக்கிழமை வருகிறாராம். "ரெண்டே நாள்க்கா, அதுக்கு மேல கூப்பிட்டாலும் இருக்க மாட்டேன்" என்று தேன் குரலில் சொல்லியிருந்தார். அவருக்கு வீட்டில் 'ரெண்டு நாள் மாமா' என்றே பெயர். போன தடவை அவருடைய ரெண்டு நாள் முடிவதற்குள் காலண்டரில் மாதம் மாறிவிட்டது. ஹால் கட்டில்தான் அவர் சிம்மாசனம். டிவி ரிமோட் அவர் செங்கோல். அதையாவது அப்பா பொறுத்துக்கொள்வார். மாமா ஸ்டுடியோவுக்குள் வந்து, அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மேடம், இந்தப் பக்கம் திரும்புங்க, அதுதான் அழகு" என்பாரே, அதைத்தான் பொறுக்க முடியாது. மேடமும் திரும்பிவிடுவார். படமும் அழகாகவே விழும். அதுதான் அப்பாவின் தீராத வயிற்றெரிச்சல்.

கட்டில் இல்லையென்றால்? படுக்க இடமில்லை. படுக்க இடமில்லையென்றால் மாமாவும் இல்லை. இதுதான் பெஞ்சின் உண்மையான வரைபடம்.

அம்மா அப்பாவின் முகத்தை, பரு தேடுகிற மாதிரி, நெற்றியிலிருந்து மோவாய் வரை பார்த்தாள். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

"தாராளமா எடுத்துக்கோங்க" என்றாள்.

பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்த அப்பாவின் வாய் அப்படியே நின்றது.

"கோபமா?"

"எதுக்குங்க கோபம்? தொழிலுக்குத்தானே?"

"தொழிலுக்குத்தான்."

"அப்ப சரி." அம்மா எழுந்து போகும்போது மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அம்மா கத்தினால் அவருக்குப் பழக்கம். பாடினால் பழக்கமில்லை.

என்னைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏய் ரேடியோ." எல்லார் குரலிலும் பேசுவதால் எனக்கு அந்தப் பெயர். "அம்மா ஏன் சண்டை போடல?"

"நல்ல மனசாயிருக்கும்ப்பா."

"எத்தனை வருஷமா அவகூட இருக்கேன், எனக்குத் தெரியாதா? கவனிச்சுக்கிட்டே இரு. எது பண்ணாலும் எங்கிட்ட வந்து சொல்லு."

பிறகு என்னை அம்மாவும் கூப்பிட்டாள். "அப்பா என்ன பண்றார்னு பார்த்துக்கிட்டே இரு." இரண்டு பக்கத்துக்கும் வேலை பார்ப்பதில் உள்ள சுகம் ஒரு பக்கத்துக்குப் பார்ப்பதில் கிடையாது.

எதிர்வீட்டு முன்னாள் போலீஸ்காரர் ரம்பம் கொடுக்க வந்தார். கொடுப்பதற்கு முன் கட்டிலைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார்.

"நல்ல நிலையிலே இருக்கிற கட்டில்."

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்கு அறுக்கறீங்க?"

"பெஞ்ச் செய்ய."

"பெஞ்ச் கடையிலே கிடைக்குதே?"

"நானே செய்யணும்னு ஒரு ஆசை."

"இந்த ஆசை எப்ப ஏற்பட்டுச்சு? மச்சான் போன் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சார், ரம்பத்தைக் குடுங்க!"

அப்பா அறுத்தார். கட்டிலின் கால்களை நாற்காலி உயரத்துக்குக் குறைத்தார். பக்கச் சட்டங்களை நறுக்கிக் குறுக்கே கொடுத்தார். பலகைகளை மேலே வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். அறுக்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. மரத்துண்டு கீழே விழுந்தால் இன்னும் பெரிய சிரிப்பு. மறுபடி ஒட்டினாலும் கட்டிலாகக் கூடாது என்று, வேண்டாத துண்டையும் இரண்டாக அறுத்துப்போட்டார்.

பெஞ்ச் கொஞ்சம் குட்டை. அது மட்டும் தொழில் ரகசியம். "பெஞ்ச் நீளமா இருந்தா புருஷன் ஒரு கோடி, பொண்டாட்டி ஒரு கோடி. குட்டையா இருந்தா வேற வழியில்லை, ஒட்டி உட்கார்ந்துதான் ஆகணும். படத்துல பாசம் பொங்கும்!"

முன்பக்கத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, முன்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்தார். பின்பக்கம் சொறி பிடித்த மாதிரி கிடந்தது.

"அது என்னங்க அரைகுறையா?" என்றாள் அம்மா.

"கேமரா ஒத்தைக் கண்ணன். அவன் பார்க்காத பக்கத்துக்கு எதுக்கு அலங்காரம்?"

"சரிதான். முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. அப்படியே உங்களை மாதிரி இருக்கு."

அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அப்புறம்தான் என் உளவுச் செய்திகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

"அப்பா, அம்மா ஹாலை டேப் வெச்சு அளக்கறா."

"எதுக்கு?"

"தெரியல. இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் அளந்துட்டுத் தலையாட்டினா."

அப்பா முகம் வெளுத்தது. "சோபா! கட்டில் போன இடத்துக்குச் சோபா கேக்கப்போறா. விடமாட்டேன்."

மறுநாள்: "அப்பா, அம்மா பரண்லேர்ந்து பாய் எல்லாத்தையும் எறக்கி மாடியில காயப் போட்டிருக்கா."

"சோபாவுக்கும் பாய்க்கும் என்ன சம்பந்தம்?" அப்பா நெடுநேரம் யோசித்தார். "பழசை வித்துட்டுப் புதுசு வாங்கற திட்டம். எவ்வளவு ஆழம் பாரு!"

அதற்கும் மறுநாள்: "அப்பா, அம்மா போன்ல மாமாகிட்ட, 'கட்டில் போயாச்சுடா'ன்னு சொன்னா."

அப்பா அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார். "சொல்லிட்டாளா? அவ்வளவுதான். இனி அவன் வரமாட்டான். படுக்க இடமில்லைன்னு அவளே சொல்லிட்டா பாரு. பாவம், நல்லவதான்." ஆனாலும் தண்ணீர் குடிக்கும்போது ஒரு தடவை கேட்டார். "சொல்லும்போது அழுதாளா?"

"இல்லப்பா. சிரிச்சா."

தண்ணீர் அப்பாவுக்குப் புரை ஏறியது.

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வண்டி நின்றது. மாமா இறங்கினார். அப்பா படியில் நின்று, துக்க வீட்டுக்காரர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"வாங்க மாப்ளே. ஆனா பாருங்க, கட்டில்..."

"கேள்விப்பட்டேன் அத்தான்! ரொம்ப சந்தோஷம்!"

சந்தோஷமா? அப்பா விழித்தார். வண்டியிலிருந்து அத்தை இறங்கினாள். அத்தைக்குப் பின்னால் ஒரு பையன். பையனுக்குப் பின்னால் இன்னொரு பையன். அவனுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பெண். பிறகு பெட்டிகள். பெட்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

ஹாலில் அம்மா சுவரோடு சுவராகப் பாய்களை விரித்திருந்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி அத்தனையும் பொருந்தியிருந்தன.

"அந்தக் கட்டில்தான் பாதி ஹாலை அடைச்சிக்கிட்டிருந்தது" என்று அத்தை பெருமூச்சு விட்டாள். "அதனாலதான் இவர் மட்டும் தனியா வந்துட்டுப் போவார். இப்ப நிம்மதி."

"எத்தனை தடவை எடுங்க எடுங்கன்னு சொல்லியிருப்பேன்?" அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டாரா? கடைசியில அவராவே எடுத்துட்டார். அதுவும் துண்டு துண்டா."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "தொழிலுக்கு..." என்ற ஒரு சொல்தான் வெளியே வந்தது. எதிர்வீட்டு முன்னாள் போலீஸ்காரர் தன் வாசலில் நின்று, வழக்கு முடிந்த திருப்தியோடு தலையை ஆட்டினார்.

"எங்க அந்தப் பெஞ்ச்?" மாமா ஸ்டுடியோவுக்குள் நுழைந்துவிட்டார். "எங்க குடும்பப் படம் எடுக்கறதுக்காகவே உங்க கையால செஞ்சீங்களாமே அத்தான்! அக்கா சொன்னா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

குட்டிப் பெண் ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "எங்களுக்காகவா மாமா?"

அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லும் ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. "ஆமாம்மா" என்றார் அப்பா. அந்தக் குரலை மட்டும் என்னால் இன்றுவரை சரியாகச் செய்ய முடியவில்லை.

மாமாவும் அத்தையும் ஒட்டி உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லை. மடியில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. பாசம் பொங்கியது. அப்பா கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு, "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார்.

"இறக்க வேணாம், ஏத்துங்க, அதுதான் அழகு" என்றார் மாமா. எல்லோரும் ஏற்றினார்கள்.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவில் கண்ணை வைத்தார். அம்மா பக்கத்தில் வந்து நின்று, அன்பாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இது பசங்களுக்கு லீவு ஆரம்பிக்கற அன்னைக்கு எடுக்கற படம். லீவு முடியற அன்னைக்கும் இதே பெஞ்ச்ல ஒண்ணு எடுத்துடுங்க. இங்க இருந்த நாள்ல எவ்வளவு வளர்ந்திருக்காங்கன்னு தெரியும்."

கிளிக்.

படம் கலங்கலாக விழுந்தது. பெஞ்சில் இருந்த ஒருவரும் அசையவே இல்லை.