ஊசி குத்தினால் கேசரி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை கம்பெனி இருக்கிறதோ, அத்தனையிலும் தப்பு செய்தவனுக்கு மெமோதான் கொடுப்பார்கள். கேசரி வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் லேப் சூப்பர்வைசர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று சம்பளம் போடுகிறவருக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் கேசரி அண்ணன்.

எங்களுடையது ரத்தப் பரிசோதனை லேப். கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் எங்களிடம் வந்து கையை நீட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நான் பில்லிங் கவுன்ட்டர். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். அதனால் சேர்ந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடியே "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிப் பழகிவிட்டேன். எனக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு.

கேசரி அண்ணன் கதவை முழங்கையால் திறப்பார். சுவிட்சை முழங்கையால் போடுவார். கிளவுஸ் போட்ட கையால் யாராவது செல்போனைத் தொட்டால் கத்த மாட்டார். "இந்த போனைத்தானே வூட்டுக்கு எத்துகினு போவ? உன் புள்ள இதுலதான் கேம் ஆடுதா?" என்று மட்டும் கேட்பார். போனைத் தொட்டவருக்கு அன்று சோறு இறங்காது.

ஒருமுறை சளி சாம்பிள் டப்பா விழுந்து உடைந்தது. முதலாளி, "சீக்கிரம் தொடைங்கப்பா" என்று உள்ளே வந்தார். அண்ணன் கபடி ஆட்டக்காரர் மாதிரி இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"காத்துல கீற கிருமி அடங்கட்டும் சார். அப்புறம் மருந்து ஊத்தி ஊறட்டும். அதுக்கப்புறம்தான் தொடைக்கிறது."

முதலாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவரும் சுவரைப் பார்த்தார்.

கேசரிக்கு வருகிறேன். யாருக்காவது ஊசி குத்தினாலோ, சாம்பிள் மேலே தெறித்தாலோ, மறைக்காமல் வந்து சொன்னால் போதும். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, கை கழுவ வைத்து, எதிர்க்கடைக்குக் கூட்டிப் போய்ச் சூடாகக் கேசரி வாங்கித் தருவார்.

"இன்னாப்பா இது, தப்பு பண்றவனுக்கு ஸ்வீட்டு?" என்றார் முதலாளி.

"மெமோ குடுத்தா குத்தறது நிக்காது சார். சொல்றதுதான் நிக்கும்."

நானும் ஒருநாள் நாக்கு ஊறி, ஸ்டேப்ளர் பின் குத்திய விரலை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.

"உன் பின்னு, உன் ரத்தம். இதுக்கு டீதான்" என்றார்.

எங்களிடம் ரத்தம் எடுக்கிற கஸ்தூரி பென்னலூர்ப் பெண். கல்யாணம் நிச்சயம்கூட ஆகிவிட்டது. ஒரு மதியம் என் கவுன்ட்டருக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, இன்னிக்கு கேசரி போட்டிருப்பாங்களா?"

"இன்னாமா கல்யாணப் பொண்ணு, அப்புறம் பிளவுஸு பத்தாம பூடும்" என்று ஜோக்கடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. விரலைக் காட்டினாள். ஒருவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, அந்த ஊசிக்கே மூடி போடப் போய்க் குத்திக்கொண்டிருக்கிறாள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தால் இவளுக்கும் வரலாம்.

"மாப்ள வூட்ல தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும்ணா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதான் பாத்ரூமுக்குப் போனேன். அப்புறம் கேசரி ஞாபகம் வந்துச்சு."

எனக்கு அவசரத்துக்கு ஒரு சுவர் தேவைப்பட்டது. நல்லவேளை, வாய் மட்டும் "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டது.

அண்ணன் வந்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"அமுக்காத, பிதுக்காத. ஓடற தண்ணில சோப்பு போட்டு கழுவு." கழுவியதும் பைக் சாவியை எடுத்தார். "மருந்த சீக்கிரம் ஆரம்பிச்சுட்டா பயமில்ல. மாப்ள வூட்ல சொல்றதா வேணாமான்றது உன் இஷ்டம். மாத்திரை மட்டும் என் இஷ்டம். ஏறு."

பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வண்டி நகரும்போது என்னிடம், "கேசரி தீந்துடப் போவுது, கடைல சொல்லி வை" என்றார்.

ஒரு மாதம் மாத்திரை. முதல் வாரத்திலேயே கஸ்தூரி மாப்பிள்ளையிடம் அவளாகவே சொல்லிவிட்டாள். மறுநாள் அவர் கம்பெனி யூனிஃபார்மோடு லேபுக்கு வந்து நின்றார். நான் கவுன்ட்டருக்குக் கீழே பேனா தேட ஆரம்பித்தேன்.

"கேசரி அண்ணன் யாருங்க?"

"நான்தாம்பா."

"எங்க லைன்ல கைல அடிபட்டா கர்ச்சீப்ப சுத்திகினு வேலை பாப்போம்ணா. சொன்னா இன்சென்டிவ் பூடும். இங்க சொன்னா கேசரியாமே. எங்க சூப்பர்வைசராண்ட வந்து ஒரு வார்த்த பேசுவீங்களா?"

பேனா கிடைத்துவிட்டதுபோல் நான் எழுந்தேன்.

"டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சதும் கல்யாணத்த வச்சுக்கிறோம். வல்லக்கோட்டைல மண்டபம் கெடைக்கலன்னு வூட்ல சொல்லிட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

கடைசி டெஸ்ட்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. தை மாதத்தில் மண்டபமும் 'கிடைத்துவிட்டது'. பந்தியில் கல்யாணப் பெண்ணே கரண்டியோடு வந்து அண்ணன் இலையில் கேசரி வைத்தாள். அண்ணனுக்குச் சுகர். ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தவர், ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

"எனக்கு எதுக்குமா? நான் ஒண்ணும் குத்திக்கலயே."

"சொன்னதுக்கு எனக்குக் குடுத்தீங்க. திட்டாம கேட்டதுக்கு உங்களுக்கு."

அண்ணன் குனிந்துகொண்டார். ஒரு கரண்டிதான், ஒரு முந்திரித் துண்டுகூட மிச்சமில்லை. எழுந்து கை கழுவப் போனார். மண்டபத்துக் குழாய் திருகுகிற குழாய், முழங்கைக்கு மசியவில்லை. நான் எழுந்து போய்த் திறந்துவிட்டேன்.