சுபேதாரின் வாளை நான் சுத்தம் செய்த கதை

நான் யாரையும் கொன்றதில்லை. ஆனால் செத்துப்போன ஒரு மனிதரைப் பற்றி எழுதப்பட்டிருந்த ஒரே ஒரு வரியை, வேறு யாரும் படிப்பதற்கு முன்பே, இரண்டு உப்புத்தாளால் தேய்த்து அழித்திருக்கிறேன். இதற்குச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். வீட்டில் உண்டு. (இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.)

1997. எனக்கு இருபத்தெட்டு வயது. காக்ஸ் டவுனில் ஒரு வாடகை வீடு, கல்யாணமாகி ஒரு வருடம். பகலில் ஒரு பேட்டரி கம்பெனியின் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. மற்ற நேரத்தில், நானே அடித்துக்கொண்ட விசிட்டிங் கார்டின்படி, 'பழங்காலப் போர்வாள், குத்துவாள், ரெஜிமென்ட் வெள்ளிப் பொருட்கள்: ஆலோசகர் மற்றும் வியாபாரி'. கார்டு அடித்த அன்று என்னிடம் இருந்த மொத்தச் சரக்கு, உறையில்லாத ஒரு துப்பாக்கி முனைக் கத்தி, பிடி உடைந்த ஒரு வெள்ளிக் கோப்பை, ஞாயிற்றுக்கிழமை பஜாரில் வாங்கிய ஒரு குத்துவாள், அவ்வளவுதான். அந்தக் குத்துவாள் யாரோ ஒரு கூர்க்கா அதிகாரியுடையது என்று இரண்டு மாதம் நம்பி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். பிறகு பிடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு நாடகக் குழுவின் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது.

என் ஞானம் முழுவதும் நூலகத்தில் எடுத்த ஒரே ஒரு தடிப் புத்தகத்திலிருந்து வந்தது. அதையும் முழுதாகப் படிக்கவில்லை. 'அடையாளம் காணுதல்' வரை முடித்தேன். 'சுத்தம் செய்தல், பாதுகாத்தல்' என்ற அத்தியாயம் வருவதற்குள் திருப்பிக் கொடுக்கும் தேதி வந்துவிட்டது.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ரூபவதி டீச்சர் இருந்தார். எழுபது வயது. திருமணம் செய்துகொள்ளாதவர். நான் படித்த பள்ளியில் முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவரிடமும் என் கார்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்துவிட்டு, அதில் இருந்த எழுத்துப்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பிறகு, "சாயந்தரம் வீட்டுக்கு வாப்பா" என்றார்.

போனேன். மேசைமேல் ஒரு வெள்ளிக் கோப்பையும் ஒரு நீண்ட வாளும் இருந்தன. அவருடைய அப்பா மாசிலாமணி, பர்மா யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய சுபேதார். கோப்பையைக் கவிழ்த்தேன். அடியில் சின்னதாக ஒரு சிங்கம் நடந்துகொண்டிருந்தது.

"இந்தச் சிங்கம் இருந்தா இங்கிலாந்துல முத்திரை போட்ட சுத்த வெள்ளி, டீச்சர்" என்றேன். அது சரியான தகவல்தான். இந்தக் கதை முழுவதிலும் நான் சரியாகச் சொன்ன ஒரே விஷயமும் அதுதான். டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. அங்கேதான் என் அழிவு ஆரம்பம்.

வாளை உருவிக் காட்டினார். பிடிக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கருந்துரு ஏறியிருந்தது.

"இதுக்கடியில ஒரு வரி இருக்கு. அப்பாவோட மேஜர் பிரியும்போது எழுதிக் குடுத்தது. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி அப்பா இத எடுத்து எண்ணெய் போட்டுத் தொடச்சிட்டு, உதட்ட மட்டும் அசைச்சு அந்த வரியப் படிப்பாரு. என்னப்பா போட்டிருக்குன்னு கேட்டா, 'உன் வேலயப் பாரு'ம்பாரு. அவர் போன அப்புறம், படிக்க மனசு வராம நான் பொட்டிக்குள்ள போட்டு மூடிட்டேன். துருப் புடிச்சிடுச்சு. என் தப்புதான்."

"இப்ப எதுக்கு டீச்சர் எடுத்தீங்க?"

அப்பாவின் பழைய படைப்பிரிவிலிருந்து கடிதம் வந்திருந்தது. கோப்பையையும் வாளையும் அவர்களுடைய கண்ணாடி அலமாரியில், சுபேதாரின் புகைப்படத்துடன் வைக்கப்போகிறார்கள். வாளில் எழுதியிருப்பதைப் பக்கத்தில் அட்டையில் அச்சடித்து வைக்க வேண்டும். மூன்று வாரத்தில் ஒரு கர்னல் நேரில் வந்து வாங்கிக்கொள்வார்.

"அத அட்டையில படிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ படிக்கணும். அம்பது வருஷமா காத்திருக்கேன்" என்றார் டீச்சர். "உன்னால முடியுமா? முடியலன்னா சொல்லிடு. தப்பில்ல."

முடியாது என்று சொல்லத் தெரிந்தவன் விசிட்டிங் கார்டு அடித்திருக்க மாட்டான்.

முதல் பத்து நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். தேங்காயெண்ணெய், பஞ்சு, பழைய பனியன் துணி. துரு என்னைப் பார்த்துச் சிரித்தது. வெளியே விடாத தூறல். வாளில் நேற்று துடைத்த இடத்தில் இன்று புதிதாகப் பழுப்பு பூத்தது. இரண்டாவது ஞாயிறு மத்தியானம் பொறுமை போய்விட்டது. தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போய் உப்புத்தாள் இரண்டு வாங்கி வந்தேன்.

என் மனைவி ரெஜினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"டீச்சரக் கேட்டீங்களா?"

"இதெல்லாம் அவங்களுக்குப் புரியாதும்மா. இது டெக்னிகல்."

தேய்த்தேன். கறுப்பு உதிர்ந்தது. இன்னும் தேய்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவில் முடி போல மெல்லிய கோடுகள். எழுத்துகள்! சுபேதார் போன பிறகு ஒருவர் கண்ணிலும் படாத எழுத்துகள். "ரெஜினா! சீக்கிரம் வா!" என்று கத்தினேன். கத்தியபடியே, அவள் வருவதற்குள் மிச்சத்தையும் தெளிவாக்கிவிடலாம் என்று அவசர அவசரமாக நாலு இழுப்பு இழுத்தேன்.

வாள்களில் அப்படிப்பட்ட எழுத்தை உளியால் வெட்டுவதில்லை, அமிலத்தால் அரித்து எழுதுகிறார்கள், அதன் ஆழம் ஒரு காகிதத்தின் கனம்கூட இருக்காது என்பதெல்லாம் நான் படிக்காமல் திருப்பிக் கொடுத்த அத்தியாயத்தில் இருந்தது.

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது வாள் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. பக்கத்தில் என் முகமும். என் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

"எங்க எழுத்து?" என்றாள்.

நான் உப்புத்தாளைத் திருப்பிப் பார்த்தேன். (உண்மையாகவே. அதில் ஒட்டியிருக்குமோ என்று.)

"இப்பவே போய் டீச்சர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் ரெஜினா. "திட்டுவாங்க. திட்டட்டும்."

அன்றைக்கே போயிருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும். நான் போகவில்லை. மூன்று நாள் காய்ச்சல் வந்தவன் போலப் படுத்திருந்துவிட்டு, நாலாம் நாள் வாளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு சிவாஜி நகரில் ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடைக்குப் போனேன். சீர்வரிசைக் குடத்திலும் டம்ளரிலும் ட்ர்ர்ர் என்ற மெஷினால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்த வாசலுக்கு.

என்ன வாசகம் வெட்டுவது என்று பஸ்ஸிலேயே யோசித்தேன். வெள்ளைக்கார மேஜர் ஒருவர் எப்படிப் பாராட்டியிருப்பார்? ஆங்கிலத்தில் ஒருவரைப் பாராட்டி எழுதி நான் வாழ்க்கையில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். என் பத்தாம் வகுப்பு நன்னடத்தைச் சான்றிதழ். 'அவருடைய குணமும் நடத்தையும் நன்று.' அதையே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனேன்.

மெஷின்காரர் பேப்பரைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார்.

"இன்னா சார் இது? ஆயுத பூஜைக்கா?"

"ஆமா."

"சொல்ப நேராப் புடிச்சுக்கோங்க. வழுக்குது. பொண்ணு மாப்ள பேரு உண்டா?"

"இல்ல. இந்த வரி மட்டும் போதும்."

ட்ர்ர்ர் என்று ஆரம்பித்தார். ஐந்து நிமிடம்தான். பர்மாவைப் பார்த்த இரும்பு என் கையில் நடுங்கியது. முடித்துவிட்டு ஊதித் துடைத்து நீட்டினார். வாசகத்தின் கடைசியில் ஐந்து இதழ்களோடு ஒரு பூ இருந்தது.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"எடம் காலியா இருந்துச்சு சார். பூ ஃப்ரீ."

அதன் மேல் தேயிலைத் தண்ணீரும் கறுப்பு ஷூ பாலிஷும் தடவிப் பழசாக்கினேன். கர்னல் வருகிற நாள் காலை வரை டீச்சரிடம் கொடுக்காமல் சாக்குப்போக்கு சொன்னேன். அன்று கொண்டுபோய் உறையோடு மேசைமேல் வைத்தபோது டீச்சர் பட்டுப்புடவையில் இருந்தார். சுபேதாரின் புகைப்படத்துக்குப் புதுச் சட்டம் போட்டிருந்தார். கேக் வெட்டி வைத்திருந்தார். உருவிப் பார்க்க அவர் கை நீட்டும்போதே வாசலில் ஜீப் வந்து நின்றது.

கர்னல் வடக்கத்திக்காரர். ஆனால் தமிழ் ஜவான்களோடு இருபது வருடம் இருந்தவர். "அம்மா, வணக்கம். நல்லா இருக்கியா?" என்று ஜவான்களின் தமிழில் கேட்டார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புகைப்படத்துக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கர்னல் வாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

படித்தார். இன்னொரு தரம் படித்தார். பூவின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துவிட்டு விரலை முகர்ந்து பார்த்தார். (ஷூ பாலிஷ் வாசனை ராணுவத்தில் எல்லோருக்கும் தெரியும்.)

"அம்மா, இதை யாரு சுத்தம் பண்ணான்?"

"இந்தத் தம்பிதான். ஏன், என்ன போட்டிருக்கு? குடுங்க" என்று டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அவர் படித்து முடிக்க எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. நான் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வாக்கியத்தை வருடா வருடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். என்னுடைய சான்றிதழிலேயே அவர் கையெழுத்துதான் இருக்கிறது என்பது அந்த நொடியில்தான் என் மண்டையில் உறைத்தது.

"இது எங்கப்பாவுக்கு எழுதினது இல்ல" என்றார் டீச்சர், மெதுவாக. "பரீட்சையில தேறாத பையனுக்கு நாங்க எழுதுறது."

சொல்லிவிட்டேன். உப்புத்தாள், மெஷின், எல்லாவற்றையும். கர்னல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வாளை உறையில் போட்டு டீச்சரின் மடியில் வைத்தார்.

"இது உங்க வீட்லயே இருக்கட்டும் அம்மா" என்றார். மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னார். அலமாரிக்கு லாயக்கில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஜீப் கோப்பையோடும் படத்தோடும் போய்விட்டது. கேக்கை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டேன். கோயிலில் கடைசி வரிசை. மீதமிருந்த விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கத்தில் ரெஜினா மளிகைச் சாமான் பட்டியல் எழுதினாள். இரண்டு வருடத்துக்கு வந்தது. வியாபாரம் அத்தோடு சரி.

நாலைந்து மாதம் கழித்து டீச்சர் ஆளனுப்பினார். படுக்கையில் இருந்தார். இளைத்துப்போயிருந்தார். வாள் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் கையை ஆட்டி நிறுத்தினார்.

"அத விடு ஜெபராஜ். ஒண்ணு மட்டும் சொல்லு. தேய்க்கும்போது ஒரு வார்த்தையாவது கண்ணுல பட்டுச்சா?"

பட்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. ரெஜினாவிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

"'நெவர்'னு இருந்துச்சு, டீச்சர்."

"நெவரா?" அவர் கண்ணை மூடி அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். "'ஹீ நெவர் ஸ்மைல்டு'ன்னு எழுதியிருப்பான் அந்த மேஜர். அப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

நானும் சிரித்தேன். அவருக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்:

"அதுக்கு முன்னாடி இருந்தது 'ஹீ'யா, 'ஐ'யா? பாத்தியா? 'ஹீ'ன்னா அவன் அப்பாவப் பத்திச் சொல்றான். 'ஐ'ன்னா அவன் எதையோ சத்தியம் பண்ணியிருக்கான். அப்பா வாரா வாரம் படிச்சத வச்சுப் பாத்தா..."

"பாக்கல டீச்சர்."

"சரி" என்றார்.

அடுத்த வருடம் போய்விட்டார். அவருடைய அண்ணன் மகன் வாளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்தார். "இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க. ஏன்னு கேட்டதுக்குச் சொல்லல."

இப்போது அது எங்கள் பீரோவுக்கு மேல் இருக்கிறது. என் மகளுக்கும் மகனுக்கும் கதை தெரியும். ரெஜினா சொல்லிவிட்டாள். வீட்டில் நான் எதைக் கெடுத்தாலும் அந்த வரியைப் பூர்த்தி செய்வது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. மிக்ஸி எரிந்தால் மகன், "ஹீ நெவர் ரெட் தி மேனுவல்" என்பான். வழி தவறி ஹெப்பகோடிக்குப் போய் நின்றால் மகள், "ஹீ நெவர் ஆஸ்க்டு எனிபடி" என்பாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்த சம்பந்தி வீட்டாருக்குக்கூட விதிகளைச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன்.

எல்லோரும் 'ஹீ' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 'ஐ' என்று ஆரம்பித்தும் அந்த வரியை எழுதிப் பார்க்கலாம் என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது நான் மட்டும் முயன்று பார்த்திருக்கிறேன். இரண்டாவது வார்த்தைக்கு மேல் போகவில்லை.