அறிவுரை சொல்லக் கூடாத அரை மணி நேரம்

எனக்கு அறிவுரை சொல்லும் வியாதி உண்டு. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் மூட்டுவலி என்று முனகினால் போதும். இறங்குவதற்குள் நல்ல டாக்டர், தைலம், மருமகளிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பேன். இப்படிப்பட்டவளுக்குத்தான் முப்பத்தாறு வயதில், புத்தரின் தியான வழியில் மனநல ஆலோசனை கற்றுத்தரும் இரண்டு வருட முதுகலைப் படிப்பில் சேர ஆசை வந்தது.

கே.கே. நகரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். பிள்ளைகள் என்னிடம் வந்து அழுவார்கள். அதை என் திறமை என்று நினைத்தேன். (ஸ்டாஃப் ரூமில் ஃபேனுக்கு நேர்கீழே இருந்தது என் நாற்காலி மட்டும்தான் என்பது பிறகுதான் உறைத்தது.)

விண்ணப்பத்தோடு ஒரு பரீட்சை. நிஜமான கவலை உள்ள ஒருவர் பேசுவதை, அவர் சம்மதத்தோடு, அரை மணி நேரம் கேட்டுப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அறிவுரை கூடாது, கேள்வி கூடாது. தலையை மெல்ல அசைக்கலாம். அவர் கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம். அவ்வளவுதான்.

வில்லாபுரத்தில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் என் தம்பி செந்தில் நினைவுக்கு வந்தான். புவனா என்ற பெண்ணோடு அவனுக்கு நிச்சயம் முடிந்து, மண்டபமும் பிடித்தாயிற்று. அவன் மட்டும் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. படிப்புக்காக ஒரு பதிவு, மனசில் இருப்பதைப் பேசினால் போதும் என்று மட்டும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். என் செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்து, கண்ணைப் பாதி மூடி, மூச்சைக் கவனித்தபடி உட்கார்ந்தேன்.

"அக்கா, உனக்கு ஒடம்புக்கு என்ன?" என்றான்.

"ஒடம்புக்கு என்ன," என்றேன் கனிவாக.

கொஞ்சம் மிரண்டுவிட்டு, பிறகு பேச ஆரம்பித்தான். புவனா ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். "அந்தப் புள்ள அம்புட்டு படிச்சிருக்குக்கா. நான் பன்னெண்டாவதோட நின்னவன். நாலு பேரு முன்னாடி என்னையச் சொல்ல அதுக்கு வெக்கமாத்தான் இருக்கும்."

'டேய் கூமுட்டை' என்று தொண்டை வரை வந்ததை விழுங்கினேன். "வெக்கமாத்தான் இருக்கும்," என்று தலையசைத்தேன்.

அவன் முகம் சுருங்கியது. இருபது நிமிடம் இப்படியே போனது. கடைசியில், "அப்ப வேணாம்னு சொல்லிரலாம்க்கா," என்றான்.

"வேணாம்னு சொல்லிரலாம்," என்றேன்.

அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். அவன் எடுக்கும் சட்டையைக்கூட ஒரு குறை சொல்லாமல் நான் விட்டதில்லை. அப்படிப்பட்ட அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் அது அவனுக்குத் தீர்ப்பு. தன் போனை எடுத்துப் புவனாவுக்கே அடித்துவிட்டான்.

"நம்மளுக்குச் சரிப்பட்டு வராதுங்க. எங்க அக்காவும் வேணாம்னு சொல்லிருச்சு."

பரீட்சை முடிய இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் அந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றித்தான் நினைத்தேன்.

"மதினிட்ட குடுங்க," என்றாளாம் புவனா. போன் என் கைக்கு வந்தது. "மதினி, நீங்களா வேணாம்னு சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலம்மா. சொல்லக் கூடாதுன்னு போட்ருக்காங்க."

"யாரு?"

"பரீட்சையில."

"சரி, ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள். பிறகு அவனிடம், "என்ன பயம் உங்களுக்கு?"

"நீங்க படிச்சவங்க..."

"ம்." அவள் அவசரப்படவில்லை.

"நாளைக்கு என்னைய எளக்காரமா நெனச்சுட்டா?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பன்னெண்டாவதுன்னு நீங்களே சொன்னீங்க. கூட்டிச் சொல்லல. அதுக்குத்தான் நான் சரின்னேன். இன்னும் பயமா இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப ஒழுங்காச் சாப்புடுங்க. ட்யூட்டில இருக்கேன், வைக்கிறேன்."

செந்தில் நேராக அடுக்களைக்குப் போய் ஏழு தோசை சாப்பிட்டான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு பதிவு எடுக்கத் தெம்பில்லை. இருவரிடமும் கேட்டுக்கொண்டு, புவனா போனை வைத்ததோடு நின்றுபோன அதையே அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஆன்லைனில் நேர்காணல். திரையில் வந்த பேராசிரியை, கடைசி இரண்டு நிமிடம் மிக அருமை என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "போனில் பேசிய அந்தப் பெண் விண்ணப்பிப்பாரா?" என்று கேட்டார்.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. சத்தியமாக வருத்தமே இல்லை. இனிமேல் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லையே என்று அவ்வளவு நிம்மதி.

புவனா எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. இன்றைக்கும் ஏதாவது பேச்சின் நடுவில் நான் இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் செந்திலுக்கு வேர்த்துவிடும்.

"அக்கா, ஏதாச்சும் திட்டுக்கா," என்பான். "பயமா இருக்கு."