மூன்று பீப் சத்தம்

கம்ப்யூட்டரைக் கடையில் முழுசாக வாங்குகிறவன் சோம்பேறி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தேன். கேட்டுக்கொண்டிருந்தது என் மச்சினன்.

"மாமா, நீங்க பல்பு மாட்டினாலே அக்கா மெழுகுவத்தி தேடுவா. பேசாம ரெடிமேடா வாங்கிடுங்க."

"அடுத்த ஞாயிறு சாப்பிட வா. நானே செஞ்ச கம்ப்யூட்டர்ல உனக்குப் படம் போட்டுக் காட்டறேன்."

"ஓடலைன்னா?"

"நீ சொல்ற கடைக்கு வாயைத் திறக்காம உன் பின்னாடி வரேன்."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது குடும்பத்துக்கே தெரியும்.

பெட்டி ஒரு கடையில், மதர்போர்டு இன்னொரு கடையில், ராம் பழைய சாமான் கடையில் என்று மலிவாகச் சேர்த்தேன். எல்லாம் சாப்பாட்டு மேஜையில் ஏறின. நாங்கள் தட்டோடு தரையில் இறங்கினோம். டார்ச் பிடிக்கும் வேலை மனைவிக்கு. அவள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை, கை ஆடாது. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவாள்.

மாட்டி முடித்து பட்டனை அழுத்தினேன். உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பு. பெட்டிக்குள்ளிருந்து மூன்று முறை 'பீப்' என்று ஒரு சத்தம்.

"ஏங்க, என்ன சொல்லுது?"

"எங்கேயோ வலிக்குதுன்னு சொல்லுது. எங்கேன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்."

உண்மையில் எனக்கு ஒரே உற்சாகம். இத்தனை பாகங்களில் குற்றவாளி யார்? டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தேன். கடைசியில் சீப்பு மாதிரி ஒரு பட்டை.

"இதுதான் ராம். கம்ப்யூட்டரோட ஞாபகம். ஓரத்துல தங்கக் கலர்ல பல்வரிசை இருக்கு பார்? அதுல அழுக்கு படிஞ்சா அழிரப்பரால தேய்ச்சு, அழுத்தி மாட்டினாப் போதும்."

"அப்ப முதல்ல அதைத் தேய்ச்சுப் பாக்கலாமே?"

"அவ்வளவு சின்னக் கோளாறுன்னா நான் எதுக்கும்மா? இதுக்கு ஒரு முறை இருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்திப் பாக்கணும். ரெண்டை மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது."

"ஒரு நேரத்துல ஒண்ணு," என்றாள், பாடம் மனப்பாடம் செய்கிற குழந்தை மாதிரி.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் தூசியைச் சந்தேகித்தேன். பெயிண்ட் பிரஷ்ஷால் உள்ளே எல்லாம் துடைத்தேன். மூன்று பீப்.

"ஏங்க, நீங்க துடைக்கத் துடைக்க மேல இருந்து கொட்டுதே," என்று அண்ணாந்து பார்த்தாள்.

மேலே எங்கள் மின்விசிறி. அதன் இறக்கைகளில் கம்பளி போர்த்தியது போல் தூசி. விஞ்ஞானத்துக்காக ஸ்டூலில் ஏறினேன். தலையில் துண்டு, வாயில் கைக்குட்டை, கையில் ஈரத்துணி. "இங்க பாருங்க," என்று செல்போனில் ஒரு படமும் எடுத்தாள். விசிறி பளபளத்தது. மூன்று பீப்.

அடுத்த சந்தேகம் மின்சாரம்.

"சமையலறை பிளக் பாயிண்ட்ல பொறி பறக்குதே. அதனால இருக்குமோ?" என்றாள்.

மெயினை அணைத்துவிட்டு அதை மாற்றினேன். மூன்று பீப்.

அதற்கடுத்த நாள் சூடு. "இந்த பீரோ ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்குதே. காத்து வருமா?" நியாயமான கேள்வி. பீரோவைச் சுவரோரம் நகர்த்தினேன். என் இடுப்பிலிருந்தும் ஒரு பீப் கேட்டது.

வியப்பாக இருந்தது. இவளுக்கு இவ்வளவு விஞ்ஞான அறிவா! நான் பாகங்களைப் பார்க்கிறேன். இவள் சுற்றுப்புறத்தையே பார்க்கிறாள்.

ஞாயிறு வந்தது. மச்சினன் கிளம்பிவிட்டதாக போன் வந்தது. மேஜையில் கறுப்புத் திரை. கடைத்தெருவில் அவன் பின்னால் வாய்மூடி நடக்கும் என் உருவம் அதில் தெரிந்தது.

"இன்னும் எதைம்மா பாக்கல?"

"அந்த பீப் நீளமா குட்டையான்னு ஒரு நாளாவது ஒழுங்காக் கேட்டிருக்கோமா? வாசக் கதவு போடுற கிறீச்சுல எதுவும் காதுல விழல."

எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடினேன். ஒவ்வொரு கீலுக்கும் நிதானமாக எண்ணெய் விட்டேன். கதவு பூனை மாதிரி நடந்தது. அதன் வழியே மச்சினனும் சத்தமில்லாமல் உள்ளே வந்தான்.

"எங்க மாமா உங்க கம்ப்யூட்டர்? கடை திறந்துதான் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம்!

எனக்கு வாய் திரும்பக் கிடைத்தது. "பார்த்தியா? வெறும் கை வேலை இல்ல, இது முறை! தூசி, மின்சாரம், சூடு... ஒரு நேரத்துல ஒண்ணு! கடைசி சில நிமிஷத்துலதான் பிடிச்சேன்."

"அசத்திட்டீங்க மாமா!" என்றவன் திரையை உற்றுப் பார்த்தான். "இது யாரு?"

திரை முழுக்க ஒரு படம். ஸ்டூல் மேல் ஒரு மனிதன். தலையில் துண்டு, வாயில் கைக்குட்டை. அண்ணாந்து விசிறி துடைக்கிறான். திரையின் ஓரத்தில் என் மனைவி வகுப்புக்கு வரைந்த மாம்பழம், கிளி, வாளி என்று வரிசையாகப் படங்கள்.

பீப் அடித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்குள் நான் எப்படிப் போனேன்?

மச்சினன் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான். நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ராமின் தங்கப் பல்வரிசை பல் தேய்த்த மாதிரி மின்னியது. மேஜை விளிம்பில் அழிரப்பர் துகள்.

"எப்போ?" என்றேன் மெதுவாக.

"ரெண்டாம் நாள் மத்தியானமே. தேய்ச்சேன், அழுத்தினேன், ஓடிச்சு."

"அப்ப சாயங்காலம் தினமும் கத்தினது?"

"நீங்க வர்ற நேரத்துக்கு ராமை லேசாத் தூக்கி விட்டுடுவேன். இன்னிக்கு நீங்க கதவுக்கு எண்ணெய் விடறப்ப திரும்ப அழுத்திட்டேன். ஒரு நேரத்துல ஒண்ணுதானே செய்யணும்? ஒரே நாள்ல எல்லா வேலையும் எப்படி வாங்கறது?"

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. அவள் காதருகே குனிந்தேன்.

"அவன்கிட்ட சொல்லிடாதே."

"சே, சொல்வேனா?" என்று ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாள். "உள் ரூம் ஃபேன் இன்னும் பாக்கி இருக்கே."