அமாவாசைக்கு மிதக்காத வீடு

நானாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தமான் தீவுகளில் வீடு கட்டிய கான்டிராக்டர்கள் பலர் உண்டு. ஒரு முழு வீட்டைக் கூரையோடு கடலில் ஓட்டிக்கொண்டு போய், அலையாத்திக் காட்டுக்குள் நண்டுகளுக்குக் குடிவைத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதை என் பேரப்பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்லும்போது நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகத் தெரிகிறேன். அதனால் நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

எழுபதுகளின் தொடக்கம். மாயாபந்தரில் எனக்கு ஒரு சின்ன வீடு கட்டும் தொழில். சுற்றியிருந்த குடியேற்றக் கிராமங்களில் மரச்சுவர், தகரக் கூரை போட்டு இரண்டு அறை வீடுகள் கட்டிக் கொடுப்போம். நான் ராமநாதபுரத்துக்காரன், எனக்கு மரவேலை தெரியாது. பேசத் தெரியும். வேலை தெரிந்தவர் ஆறுமுக ஆசாரி. என்னைவிட ஒரு வயது இளையவர், ஆனால் எதையும் முடிவு செய்வதற்கு முன் ஒரு பீடி முழுவதையும் பிடித்து முடிப்பார். அவருக்குக் கீழே இரண்டு பேர். இவ்வளவுதான் கம்பெனி.

அப்போதுதான் மந்தம் வந்தது. மெயின்லேண்டில் எண்ணெய் விலை ஏறியது என்றார்கள், சிமெண்ட் இல்லை என்றார்கள், சர்க்கார் வேலைகளையெல்லாம் நிறுத்திவைத்தார்கள். கப்பலில் அரிசி வந்தது, தகரம் வரவில்லை. மரத்துக்கு பெர்மிட் கேட்டால் ஆபீசில் 'காம் பந்த்', வேலை நிறுத்தம் என்று ஒரே பதில். மூன்று அறை வேண்டும் என்றவர்கள் ஒரு அறை போதும் என்றார்கள். பிறகு கூரை ஒழுகலை மட்டும் அடைத்துக் கொடு என்றார்கள். கடைசியில் ஒருவர் வந்து, சுத்தியல் இருந்தால் இரவல் கொடுங்கள், நானே அடித்துக்கொள்கிறேன் என்றார். (கொடுத்தேன். அது இன்னும் திரும்பி வரவில்லை.)

ஆசாரி ஒருநாள் பீடியை முடித்துவிட்டுச் சொன்னார்: "மொதலாளி, போர்ட் பிளேர் கப்பலுக்குப் பேர் குடுத்துட்டேன். அங்கேருந்து அப்படியே ஊருக்குப் போயிருவோம், நாங்க மூணு பேரும். கையில உளி இருந்து என்ன செய்ய, செதுக்க மரம் இல்லையே."

அவர் போனால் தொழில் போயிற்று. என் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு நாற்காலிகூடச் செய்ய முடியாது. அந்த பயத்தில்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அதுதான் தப்பு.

உப்பங்கழியின் இக்கரையில் ஒரு பழைய மரவெட்டு முகாம். ஆட்கள் போய்விட்டார்கள், அவர்கள் இருந்த வீடு ஒன்று மட்டும் தண்ணீர் ஓரமாக உயரமான மரக்கால்கள் மேல் நின்றது. படாக் என்னும் தீவுக் கடின மரம், துருப்பிடிக்காத தகரம். ஏலத்தில் அது எனக்குக் கிடைத்தது. அக்கரையில் வங்காளிக் குடியேற்றக் கிராமத்தில் நிதாய் மண்டல் என்று ஒரு விவசாயி. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திக்லிபூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும்போது ஓலைக் குடிசையைக் காட்ட அவருக்கு மனமில்லை. கல்யாணத்துக்குள் இந்த வீட்டை உங்கள் மனையில் நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே வேலை. இது நன்றாக முடிந்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள், ஆசாரி இருப்பார். கெட்டால் அவர் கப்பல் ஏறுவார்.

ஆசாரி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பலகைக்குப் பலகை நம்பர் போட்டுப் பிரிச்சு, படகுல கொண்டுபோய் மறுபடி பூட்டிருவோம். ரெண்டு வாரம் ஆகும்."

"பிரிக்கவே வேண்டாம் ஆசாரி," என்றேன். "முழுசா மிதக்க விடுவோம்."

எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள். காட்டு மரங்களைத் தெப்பமாகக் கட்டி, கடல் ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போவதை அங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வற்றியிருக்கும்போது வீட்டின் தரைக்கு அடியில் மிதக்கும் மரங்களைச் செருகிக் கட்டுவது, கால்களை முக்கால்வாசி அறுத்து வைப்பது, ஏற்றத்தில் வீடு தானே எழும்பும், மோட்டார் படகால் இழுத்துக்கொண்டு போவது. ஒரே காலையில் வேலை முடிந்தது! ஆசாரி ஒன்றுக்கு இரண்டு பீடி பிடித்தார். "தெப்பத்துக்குச் சுவர் கிடையாது மொதலாளி," என்று மட்டும் சொன்னார். எனக்கு அது வீட்டைப் பாராட்டியது போலக் கேட்டது.

படகுக்காரர் சூசை, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அவரும் ஒன்று சொன்னார். "அண்ணாச்சி, அமாவாசைக்கு நாலு நாள் முன்னாடியே எறக்கிருவோம். தண்ணி நாளுக்கு நாள் கூடிக்கிட்டு வரும். இன்னைக்கு எங்கயாவது தட்டுனாலும், நாளைக்கு வார தண்ணி கூட வந்து தூக்கிரும். உச்சத்துல எறக்கித் தட்டுச்சுன்னு வைங்க, மறுநாத் தண்ணி கம்மி. பௌர்ணமி வரைக்கும் அங்கனயேதான் கெடக்கணும்."

"உச்சத்தில்தானே தண்ணீர் நிறைய இருக்கும்? நிறைய இருந்தால் எப்படித் தட்டும்?" என்றேன். அதோடு, அமாவாசை நிறைந்த நாள். எங்கள் ஊரில் கடை திறப்பதும் கால்கோள் செய்வதும் அன்றைக்குத்தான். தண்ணீரும் நிறைவு, நாளும் நிறைவு. இதைவிட என்ன வேண்டும்?

மண்டல் பாபுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அமாவஸ் மே? ஷுப் காம் கோயி அமாவஸ் மே கர்தா ஹை கியா, டேக்கேதார் பாபு?" (நல்ல காரியத்தை யாராவது அமாவாசையில் செய்வார்களா, கான்டிராக்டர் ஐயா?) அவர்கள் வழக்கத்தில் அன்று வீட்டை விட்டு நல்லதற்குக் கிளம்பவே மாட்டார்களாம். நான் அவர் தோளைத் தட்டி, "ஹமாரா மத்ராசி பஞ்சாங்கம் மே ஏக்தம் அச்சா தின்," (எங்கள் மதராசிப் பஞ்சாங்கத்தில் ரொம்ப நல்ல நாள்) என்றேன். மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். என்னையா, அமாவாசையையா என்று தெரியவில்லை.

அமாவாசை காலை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். என் மனைவி மரகதம் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தாள். தண்ணீர் ஏறியது. மரங்கள் முனகின. வீடு அசையவில்லை. படாக் மரத்தின் பாரத்தை நான் கணக்கில் வைக்கவில்லை. மறுநாள் காலி டீசல் பீப்பாய்களைத் தேடிப்பிடித்து அடியில் கட்டினோம். ஒரு மூலை மட்டும் எழுந்து, யோசித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டது. இன்னும் பீப்பாய் கட்டினோம். மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் கால்கள் படபடவென்று முறிந்தன, வீடு மிதந்தது.

அந்தக் கால்மணி நேரத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் சூசையின் படகு இழுக்கிறது. பின்னால் கரையில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். உலகம் முழுவதும் மந்தம், என் வீடு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. மண்டல் பாபு எங்கிருந்தாவது பார்க்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.

கழியின் நடுவில் காற்று வீசியது. பெரிய காற்றெல்லாம் இல்லை, துணி காயவைக்க ஏற்ற காற்று. ஆனால் மரத்தெப்பத்துக்கு இல்லாத நாலு சுவர் என் தெப்பத்துக்கு இருந்தது. மொத்த வீடும் படகுப் பாயாகிவிட்டது. சூசை ஒரு பக்கம் இழுக்க, காற்று ஒரு பக்கம் தள்ள, கயிறு அறுந்தது. வீடு நிதானமாகத் திரும்பி, அலையாத்திக் காட்டுக்குள் பின்பக்கமாகப் புகுந்து, சேற்றில் நின்றது. ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. அவ்வளவு மரியாதையாக நின்றது. நான் இன்னும் நாற்காலியில்தான் இருந்தேன்.

தண்ணீர் இறங்கிவிட்டது. மறுநாள் ஏற்றம் தரைப்பலகைக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. சூசை அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பௌர்ணமிக்கு இன்னும் பதினோரு நாள். கல்யாணத்துக்கோ ஏழே நாள்.

செய்தி பரவிவிட்டது. மாயாபந்தர் ஜெட்டிக்குப் போகிற படகுகளெல்லாம் கொஞ்சம் வளைந்து வந்து பார்த்துவிட்டுப் போயின. ஒரு படகிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேக்கேதார் பாபு, கிராயா கித்னா?" (வாடகை எவ்வளவு?) சோறு கொண்டுவந்த மரகதம் வாசற்படியில் உட்கார்ந்து, வராந்தாவில் ஊர்ந்த நண்டுகளைப் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருது. நாமளே இங்க இருந்துரலாம்," என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டல் பாபு வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மேரி பேட்டி கா க்யா ஹோகா?" (என் மகள் கதி என்ன ஆகும்?) என்று மெல்லக் கேட்டார். பேசியே பிழைத்த நான், வராந்தா நண்டுகளை விரட்டப் போனேன்.

போர்ட் பிளேர் கப்பல் மறுநாள் காலை. ஆசாரியின் டிரங்குப் பெட்டி கட்டித் தயாராக இருப்பது எனக்குத் தெரியும். அவர் படகில் வந்து இறங்கினார், விடைபெறத்தான் என்று நினைத்தேன். நான் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை எந்த நிறம் என்று சொல்ல முடியாது. நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லி அவரை நிறுத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான் நினைக்காத ஒன்று வந்தது.

"ஆசாரி, நீங்க சொன்னதே சரி."

அவர் பீடிகூடப் பற்றவைக்கவில்லை. கரையைப் பார்த்துத் தன் ஆட்களைக் கூப்பிட்டார், வீட்டின் மேல் ஏறினார், கூரையின் முதல் ஆணியைப் பிடுங்கினார். மறுநாள் கப்பல் ஊதியபோதும் தலை நிமிரவில்லை.

இரண்டு வாரம் சொன்ன வேலை, ஏழு நாளில், அதுவும் சேற்றில். கரிக்கட்டியால் போட்ட நம்பரைச் சேறு அழித்துவிட்டதால் ஒவ்வொரு பலகையிலும் உளியால் கொத்தினார்கள். படகு பக்கத்தில் வராது. நானும் மரகதமும் சூசையும் தகரங்களைத் தலையில் வைத்து அறுபது எழுபது அடி சேற்றில் நடந்தோம். மூன்றாம் நாளிலிருந்து மண்டல் பாபுவும், அவர் கிராமத்து ஆட்களும் சொல்லாமலே வந்து சேர்ந்துகொண்டார்கள். கொசு கடித்த இடமெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்தன்று காலையில் வீடு நின்றது. பின்வாசலுக்குப் படி மட்டும் இல்லை. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டோம், மணமகள் அதில்தான் கால் வைத்து இறங்கினாள்.

மாப்பிள்ளையின் அப்பா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, யார் கட்டியது என்று கேட்டார். மண்டல் பாபு தயங்காமல் ஆசாரியைக் காட்டினார். என்னையும் காட்டினார். என்னைக் காட்டும்போது மட்டும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே திக்லிபூர்க்காரர் தன் ஊரில் கிடக்கும் பழைய கிடங்கு ஒன்றைப் பிரித்து வீடாக்கித் தர முடியுமா என்று ஆசாரியிடம் கேட்டார். பழைய வீட்டைப் பிரித்து வேறு இடத்தில் பூட்டுவது, அந்த மந்தம் தீரும்வரை எங்கள் தொழில் அதுதான். தகரம் வராத காலத்தில் ஊரிலிருந்த தகரத்தையே ஊருக்குள் நகர்த்திக்கொண்டிருந்தோம்.

ஆசாரி அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்தார். வயதாகி ஊருக்குப் போகும்போது ஜெட்டியில் கேட்டேன், அன்றைக்கு ஏன் கப்பல் ஏறவில்லை என்று.

பீடியை முடித்துவிட்டுச் சொன்னார்: "பத்து வயசுல உளி புடிச்சேன் மொதலாளி. எத்தனையோ பேருகிட்ட வேலை பாத்துருக்கேன். நீங்க சொன்னதே சரின்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவ கேட்டுட்டுப் போவோமேன்னு இருந்துட்டேன்."

"கேட்டீங்களா?"

"மாசம் ஒரு தடவ."

சிரித்துக்கொண்டே ஏறினார். நான்தான் ஜெட்டியில் நின்று அழுதேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் விவாதத்தில் தோற்றவர் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்லவேண்டும், விதி அது. ஆசாரியைப் பார்த்தே இராத பேத்தி, கிரிக்கெட்டில் தோற்ற அண்ணனைப் பிடித்துவைத்துச் சொல்லச் சொல்கிறாள். போன வாரம் குழம்பில் உப்பு இல்லை என்று நான் சண்டை பிடித்தேன். மரகதம் கரண்டியில் எடுத்து என் நாக்கில் விட்டாள். உப்பு இருந்தது. பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆசாரி, நீங்க சொன்னதே சரி," என்றேன் என் மனைவியிடம்.