ஆறுச்சாமி ஊட்டு எழவும் என் கிளிப்பச்சைப் பெயிண்டும்

தேவிகுளம் தாலூக்கா ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, சித்தூரிலிருந்து சென்னியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நெல்லும் மாடும் மழையும் நலம். அக்காவும் தாங்களும் நலமென்று நம்புகிறேன். நான் நலமில்லை.

நம் தெரு ராஜா காலத்துத் தெரு என்பதால் சினிமாக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வருவது தாங்கள் அறிந்ததே. இந்த முறையும் வீடு பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வர்றவங்க முன்னால மானம் போகக் கூடாதுன்னு ஊடு பூரா கிளிப்பச்சைப் பெயிண்டு அடிச்சு, தேக்குத் தூணுக்கு ரோஸ் கலர் பூசி, ஓட்டைப் பிரிச்சு நீலத் தகடு போட்டு, சலவை வேட்டியோட வாசல்ல நின்னனுங்க. டைரக்டர் ஷீனாங்கற மலையாளத்துப் புள்ள வந்து பார்த்துது. "அய்யோ சேட்டா, எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?"ன்னு கேட்டுட்டு, நேரா எதுத்தாப்புல நம்ம பங்காளி ஆறுச்சாமி ஊட்டுக்குள்ள போயிருச்சு. எட்டுப் பொங்கலா வெள்ளையடிக்காத ஊடுங்க அது. பூசணம் புடிச்ச செவுத்தைத் தடவித் தடவி "என்ன அழகு"ங்குது. சோம்பேறித்தனத்துக்குப் பேரு பாரம்பரியமாமுங்க.

அன்னைக்குப் புடிச்சு எனக்கு வயிறு எரியுதுங்க, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆறுச்சாமி கூலிங்கிளாஸ் போட்டுட்டுத்தான் மாட்டையே அவுக்கறான். வெள்ளிக்கெழமை அவன் ஊட்டுல எழவுக் காட்சி எடுக்கறாங்களாம். பாடை, சங்கு, ஒப்பாரி எல்லாம் நெசமாட்டவே இருக்கோணுமாம். பங்காளி ஊட்டுல எழவு உழுந்தா நமக்கும் தீட்டுதானுங்களே? ஞாயித்துக்கெழமை எம்புள்ள மௌனிகாவுக்கு நிச்சயம் வெச்சிருக்கறமே? கேட்டா, "சினிமா எழவுக்கு ஏதுடா தீட்டு"ங்கறான். "சங்கு ஊதுனா எழவு எழவுதான்"னேன். அதோட பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. நீங்க வியாழக்கெழமையே வந்து, பெரியவரா நின்னு, அந்தக் காட்சியை நிறுத்திப்போடோணும். இல்லீன்னா நிச்சயத்தையே தள்ளி வெச்சுப்போடுவேன், அவன் வாசப்படியை இந்த ஜென்மத்துல மிதிக்க மாட்டேன்.

அக்காவைக் கும்பிட்டேன்னு சொல்லுங்க. குழந்தைகள் மலைக்குளிரில் சளி பிடிக்காமல் வளர மாரியம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வெந்துகொண்டிருக்கும் தங்கள் மச்சினன்,
சென்னியப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள ஷீனா ஊட்டுக்கே வந்துருச்சுங்க. பொணமாப் படுக்கற ஆளுக்குக் காய்ச்சலாம். "சேட்டனோட மொகந்தான் கரெக்டு"ன்னுச்சு. ஒத்துக்கிட்டேன். மகனா நடிக்கறது ஆறுச்சாமிதானாம், என் காலைப் புடிச்சு அழோணுமாம், சரியா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுப்பாங்களாம். தீட்டெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. நீங்க வெள்ளிக்கெழமை வந்தாப் போதும். அக்காவையும் கூட்டிட்டு வந்து முன்னாடியே நில்லுங்க. அவன் நல்லா அழுவறானான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லோணும், நான் கண்ணை மூடிட்டுக் கெடப்பேன்.